வேர் பிடிப்பது யார் வேலை

லண்டனில் என் வீட்டு முன்வளவில் நிற்கும் லாவெண்டரைப் பார்க்கிற எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். "எங்களைப்போலத்தான் இதுவும். எங்கேயோ பிறந்து, இஞ்ச வந்து வேர் பிடிச்சிட்டுது." அன்போடுதான் சொல்கிறார்கள். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும்; பட்ட பாட்டுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்ட ஆறுதலும் இருக்கும். பிறந்தநாள் வீடுகளிலும் அந்தியேட்டி வீடுகளிலும் நாங்கள் திரும்பத் திரும்பப் பேசுகிற கதையின் சுருக்கம் அது. வந்தோம், குளிரைத் தாங்கினோம், இரண்டு வேலை செய்தோம், வீடு வாங்கினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம், நிலைத்துவிட்டோம். அந்தக் கதையை ஒரு செடியில் ஏற்றிச் சொல்பவரை மறுத்துப் பேச எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் வந்தவர்கள் போனபிறகும் அந்த வசனம் போகாமல் நிற்கிறது. தேநீர்க் கோப்பைகளைக் கழுவும்போதும், இரவில் கதவைப் பூட்டப் போய் அந்தச் செடியின் வாசம் முகத்தில் படும்போதும், அது எங்கேயோ பிழைக்கிறது என்ற எண்ணம் வந்துகொண்டே இருக்கிறது. எந்த இடத்தில் பிழைக்கிறது என்று எனக்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

செடியிலிருந்தே தொடங்கலாம். இங்கிலாந்துத் தோட்டங்களில் அதிகம் காணப்படும் லாவெண்டருக்குத் தாவரவியலில் லாவண்டுலா அங்குஸ்திஃபோலியா என்று பெயர். தென்பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மலைச்சரிவுகளில், சுண்ணாம்புக்கல் உடைந்து கிடக்கிற வறண்ட தரையில் வளர்ந்த இனம் அது. ஓர் இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அதன் ஊர் தெரிந்துவிடும். ஒடுங்கிய இலை, அடிப்பக்கமாகச் சுருண்ட ஓரங்கள், மேலெல்லாம் சாம்பல் நிறத்தில் நுண்ணிய மயிர். இருக்கிற தண்ணீரை வெயிலுக்கும் காற்றுக்கும் கொடுத்துவிடாமல் பிடித்துவைக்கிற ஏற்பாடு. இப்படிப்பட்ட செடிக்கு இங்கத்தைக் குளிர் பெரிய பகை இல்லை. பனி மலையிலேயே பழகியது. அதைக் கொல்வது ஈரம். அதிலும் மழையின் அளவைக் குற்றம் சொல்ல முடியாது. லண்டனில் ஓர் ஆண்டில் விழுகிற மழை ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் விழுவது அதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் யாழ்ப்பாணத்து மழை மாரியில் கொட்டித் தீர்த்து, பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். மேலே வெயில் வந்து காயவைத்துவிடும். இங்கே மழை தூறலாக மாதக்கணக்கில் இழுபடுகிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை தரை காய்வதே இல்லை. களிமண்ணாக இருந்தால் வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்கும், மண்ணுக்குள் காற்றுப் போகாது, வேர் அழுகும். ஏப்ரல் மாதத்தில் தெருவோடு நடந்துபோனால், பாதி பட்டு, தொட்டால் பொடிந்துபோகிற லாவெண்டர்ப் பற்றைகளைச் சில வீட்டு வாசல்களில் காணலாம். குளிர் கொன்றுவிட்டது என்பார்கள். கொன்றது தேங்கிய தண்ணீர்.

அப்படியென்றால், எங்கே கொண்டுபோய் நட்டாலும் பிடித்துக்கொள்ளும் செடி என்று இதைச் சொல்ல முடியாது. இங்கிலாந்துக்கு வந்து பல நூற்றாண்டுகள் ஆகியும் அதன் கேள்வி மாறவில்லை. நாள் முழுக்க வெயில் வேண்டும். தண்ணீர் வடிகிற தரை வேண்டும். கொழுப்பில்லாத, புளிப்பேறாத மண் வேண்டும். இவற்றில் ஒன்றையும் அது விட்டுக்கொடுக்கவில்லை. மாறிக்கொண்டவர்கள் தோட்டக்காரர்கள். களிமண்ணில் பருமணலும் சரளையும் கலந்தார்கள். மண்ணை மேடாகக் குவித்து, மேட்டின் தலையில் நட்டார்கள். தெற்கு பார்த்த சுவரோரத்தைத் தேர்ந்தார்கள். மாரிகாலத்துக்கு முன் நடாமல், ஏப்ரல், மே வரை பொறுத்திருந்து நட்டார்கள். செடி இங்கே வந்து பொருந்திப்போனதாக நாங்கள் சொல்லும் கதையின் அடியில், அந்தச் செடியின் மலைச்சரிவை ஒரு முழ அகலத்துக்கு இங்கே செய்துகொடுத்த மனிதர்களின் கதை ஒன்று புதைந்து கிடக்கிறது. வேர் பிடித்தது என்று சொல்லும்போது அந்த வினையின் எழுவாய் செடிதானா என்பதே என் சந்தேகம்.

எனக்கு வாய்த்தவை தண்ணீர் விடப் பழகிய கைகள். ஆறில்லாத ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். வெங்காயமானாலும் மிளகாயானாலும் புகையிலையானாலும் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் ஆகவேண்டும். துலா மிதித்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் கண்டது பம்பும் வாய்க்காலும், பாத்திக்குப் பாத்தி மண்வெட்டியால் வரம்பை வெட்டித் தண்ணீர் மாறுகிற மனிதர்களும்தான். அந்தச் செம்பாட்டு மண்ணும் சும்மா கிடைத்ததில்லை. கலட்டித் தரையில் அலவாங்கு போட்டுக் கல்லைக் கிண்டியெடுத்து, வேறிடத்திலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி, பூவரசங் குழையை வெட்டி வரிசையாகத் தாட்டு மூடுவார்கள். குழை தாட்ட தோட்டத்தின் பக்கம் அடுத்த சில கிழமைகள் போனால் ஒரு புளித்த வாடை அடிக்கும். அந்த வாடைதான் வரப்போகிற விளைச்சலின் முதல் அடையாளம். கொடுப்பதுதான் பராமரிப்பு என்று நாங்கள் படித்தது அந்த வாடையில்தான். அப்படிப் படித்த கைக்கு லாவெண்டரின் முன்னால் வேலை இல்லை. உரம் போட்டால் இலை கொழுத்து, தண்டு சரிந்து, பூ குறையும். அடுத்த குளிரில் முதலில் சாவதும் அந்தக் கொழுத்த தண்டுதான். நிலத்தில் ஊன்றி ஓராண்டு கடந்த செடிக்கு, ஜூலை வெயிலில் புல்லெல்லாம் வைக்கோலாகிற நாளிலும், தண்ணீர் தேவைப்படுவதில்லை. வாளியோடு மற்றச் செடிகளுக்குப் போகும் வழியில் அதைக் கடக்கும்போது கை கூசும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் சோறு போடாமல் போவதுபோல.

கொடுக்காமல் இருப்பதும் ஒரு கவனிப்புத்தான் என்று இந்த இடத்தில் சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படிச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகவும் இருக்கிறது. எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. கொடுக்காமல் இருப்பதை அறமாக்கிவிட்டால், கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள். எசெக்ஸில், கொல்செஸ்டர் நகருக்குப் பக்கத்தில், பெத் சாட்டோ என்ற தோட்டக்கலைஞர் 1990-களின் தொடக்கத்தில் ஒரு சரளைத் தோட்டம் போட்டார். இங்கிலாந்தில் மழை மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று அது. வாகனங்கள் நிறுத்திவைத்த இடம். பருக்கையும் மணலுமான தரை. அங்கே நட்டவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. 2018இல் அவர் இறந்தபிறகும் அந்த விதி தொடர்கிறது. தண்ணீர் ஊற்றாத தோட்டம் என்றுதான் அது உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. ஆனால் நடுவதற்கு முன்பு, வாகனச் சில்லுகள் ஏறி இறுகிப்போயிருந்த அந்தத் தரையை உடைத்துப் பண்படுத்திய வேலையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எந்தச் செடி எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதை அவருடைய கணவர் அன்ட்ரூ சாட்டோ வாழ்நாள் முழுக்கத் தேடிப் படித்தார். அந்தப் படிப்பும் அந்தத் தரைக்குள் இருக்கிறது. பிறகு தண்ணீர் விடாமல் இருக்க முடிந்தது, முன்னரே அவ்வளவும் செய்திருந்ததால். ஊன்றுவதற்கு முன்பு செய்த வேலை மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. மேலே தெரிவது செடியின் துணிச்சல் மட்டும்தான்.

நான் இருக்கிற மிட்சம் பகுதியில் இந்த மறைவு இன்னும் ஆழமாகப் போகிறது. தென்லண்டனில் டூட்டிங்கிலிருந்து குரொய்டன் போகிற வழியில் இருக்கும் இந்த இடம் ஒருகாலத்தில் லாவெண்டருக்குப் பேர்போனது. இங்கே 1749இல் தொடங்கிய பொட்டர் அன்ட் மூர் நிறுவனம் லாவெண்டரும் மிளகுப்புதினாவும் பயிரிட்டு, தைலம் வடித்து விற்றது. மிட்சம் புதினா என்ற வகை இன்றைக்கும் அமெரிக்காவில் வயல்வயலாக நிற்கிறது. பக்கத்து வொலிங்டனில் தைலம் வடித்த சாரா ஸ்ப்ரூல்ஸ் என்ற பெண்மணிக்கு விக்டோரியா மகாராணியின் லாவெண்டர்த் தைலம் வழங்குநர் என்ற பட்டம் 1886இல் கிடைத்தது. பிறகு ஒரு பூஞ்சணநோய் செடிகளைத் தண்டு தண்டாகக் காயவைத்தது. பிரான்ஸிலிருந்து மலிவான தைலம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நகரம் வந்தது. வயல்களை அளந்து தெருக்களாக்கி, செங்கல் வீடுகளை வரிசையாகக் கட்டினார்கள். அந்த வீடுகளில்தான் இப்போது நாங்கள் இருக்கிறோம். மேர்ட்டன் நகரவையின் சின்னத்தில் லாவெண்டர் இன்றும் இருக்கிறது. எங்கள் வரிப்பணக் கடிதத்தின் தலைப்பில் அந்த நகரவையின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம், ஓகஸ்ட் வெயிலில் குனிந்து அரிவாளால் அறுத்து, கட்டுக்கட்டாகச் சுமந்து வடிசாலைக்குக் கொண்டுபோன கூலிப்பெண்களை நினைத்துக்கொள்வேன். நிறுவனத்தின் பெயர் நிற்கிறது. பட்டம் பெற்றவரின் பெயர் நிற்கிறது. செடியின் பெயரில் தெருவே இருக்கிறது. அறுத்தவர்கள் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பலகை இல்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தமான பகுதி ஒன்று உண்டு. வயல்கள் போனபிறகும் செடி முற்றாகப் போகவில்லை. வயலில் வேலைசெய்தவர்களும் அயலில் இருந்தவர்களும் ஒவ்வொரு கொப்பாக ஒடித்துக்கொண்டுபோய்த் தங்கள் வீட்டு வளவுகளில் ஊன்றியிருந்தார்கள். 1990-களின் நடுவில் பயோரீஜனல் என்ற தொண்டு நிறுவனம் உள்ளூர் லாவெண்டரை மீட்டெடுக்க முயன்றபோது, தேடிப்போனது இந்த வீட்டுத் தோட்டங்களைத்தான். பழைய செடி வைத்திருந்தவர்களிடம் கொப்பு வாங்கி, பக்கத்துச் சிறைச்சாலையில் இருந்தவர்களைக் கொண்டு கன்றாக்கி, கார்ஷால்டனில் கைவிடப்பட்டுக் கிடந்த தோட்டத்துண்டுகளில் நட்டார்கள். ஏறத்தாழ மூன்று ஏக்கர். இன்றைக்கும் தொண்டர்கள் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஜூலை மாதத்தில் ஒரு வார இறுதியில் ஊரவர்கள் போய்த் தாங்களே அறுத்து வாங்கிவரலாம். ஒரு பெரிய வணிகத்தின் முழு வயல்களும் காப்பாற்றாததைச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே நின்ற ஒற்றைச் செடிகள் காப்பாற்றியிருக்கின்றன. வீட்டுத் தோட்டத்தைப் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். கன்றாக்கியவர்கள் கைதிகள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். வெளியே நடமாட முடியாத கைகள், வெளியே நிற்கப்போகிற ஒன்றுக்கு வேர் வரவைத்தன.

கொப்பு வைத்துக் கன்றாக்குவதைக் கிட்ட நின்று பார்த்தால் எழுவாய் பற்றிய சந்தேகம் இன்னும் கூடும். பெயர்பெற்ற லாவெண்டர் வகைகளை விதையிலிருந்து எடுத்தால் தாயைப்போல வராது. முன்ஸ்டெட் என்பது சரேயில் கேர்ட்ரூட் ஜெக்கில் என்ற தோட்டக்கலைஞரின் வளவிலிருந்து பரவியது. ஹிட்கோட் என்பது லோரன்ஸ் ஜோன்ஸ்டன் உருவாக்கிய தோட்டத்தின் பெயரைக் கொண்டது. அவற்றை அப்படியே வைத்திருக்க ஒரே வழி, ஒரு செடியின் துண்டை எடுத்து இன்னொரு செடியாக்குவது. கோடையில், பூக்காத இளங்கொப்பாகப் பார்த்து, விரல் நீளத்துக்கு, தாய்த்தண்டின் ஒரு சிறு பட்டை அடியில் ஒட்டிவரும்படி கீழ்நோக்கி இழுத்துக் கிழிக்க வேண்டும். அடியிலைகளை உருவிவிட வேண்டும். உருவும்போது விரல்களில் ஒரு பிசுபிசுப்பு ஏறும். அந்த வாசம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் இரவுவரை நிற்கும். மண்ணும் மணலும் கலந்த சாடியின் விளிம்போரமாகக் குத்திவிட்டு, வெயில் நேரே படாத இடத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும். சில கிழமைகளுக்கு ஒன்றும் தெரியாது. கொப்பு வாடவும் இல்லை, வளரவும் இல்லை. பிறகு ஒருநாள் மெதுவாக இழுத்துப் பார்த்தால் ஒரு எதிர்ப்பு இருக்கும். அந்த எதிர்ப்பு செடியுடையதுதான். அதை நான் மறுக்கவில்லை. வேரை யாரும் வெளியிலிருந்து ஒட்டவைக்க முடியாது. ஆனால் அந்த மணலும், அந்த நிழலும், யாரோ ஒருவரின் வளவிலிருந்து கொப்பு ஒடித்துத் தந்த சம்மதமும் இல்லாமல் அந்த வேர் வந்திராது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் கதையில் ஒன்றை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம்.

வீட்டுக்குள்ளே இன்னொரு செடி இருக்கிறது. எங்கள் ஆட்களின் வீடுகள் பலவற்றிலும் அது இருக்கும். ஹீட்டருக்குக் கிட்ட, வெளிச்சம் விழுகிற ஜன்னலோரத்தில், பூச்சாடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. செப்டெம்பரில் உள்ளே வந்தால் மே கடைசியில்தான் வெளியே போகும். குளிர்காலத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்து வெறுங்கம்பாக நிற்கும்போது வீடே கவலைப்படும். தண்ணீர் கூடிவிட்டதா, ஜன்னல் இடுக்கால் காற்று வருகிறதா, சாடியை மாற்றலாமா என்று தொலைபேசியில் ஊருக்கே ஆலோசனை கேட்போம். அது பட்டுப்போனால் கன்றைக் குற்றம் சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. வெயில் காணவில்லை என்போம், சூடு காணவில்லை என்போம், கவனிக்கத் தவறிவிட்டோம் என்போம். கன்றுக்கு முயற்சி போதவில்லை என்று சொல்ல யாருக்கும் தோன்றாது. மனிதர்கள் என்று வரும்போது மட்டும் பேச்சு மாறிவிடுகிறது. பிள்ளைகள் எடுப்பித்து வந்து, மூன்றாம் மாடி அறையில் கட்டிலோரம் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற ஒரு தகப்பனைப் பற்றி, "அவருக்கு இஞ்ச ஒத்துவரேல்லை" என்கிறோம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், வேலை செய்ய அனுமதியும் இல்லாமல், இளமையை ஒரு வாடகை அறையில் கழித்த ஒருவரைப் பற்றி, "அவன் உருப்படேல்லை" என்கிறோம். கறிவேப்பிலைக் கன்றுக்குக் கொடுக்கிற நியாயத்தை நாங்கள் அவர்களுக்குக் கொடுப்பதில்லை. லாவெண்டரைப் பார்த்துச் சொல்கிற அந்த அன்பான வசனம் பிழைக்கிற இடம் இதுதான் என்று இப்போது படுகிறது. நிலைத்தது நிலைத்தவரின் குணத்தால் என்றால், நிலைக்காதது நிலைக்காதவரின் குறையால் என்றாகிவிடும். முதல் பாதியை மகிழ்ச்சியோடு சொல்பவர் இரண்டாம் பாதியையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த உவமையை இன்னும் கொஞ்சம் நீட்டினால் அது எங்களையே கடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். லாவெண்டரில் ஒரு வண்டு வரும். கோப்பிக்கொட்டை அளவுதான். உலோகப் பச்சையில் ஊதாக் கோடுகள் ஓடுகிற முதுகு. வெயில் பட்டால் நகைக்கடைப் பொருளாக மினுங்கும். பூவின் புல்லிவட்டத்தில் நுண்ணிய சுரப்பிகளில் செடி சேர்த்துவைக்கிற தைலம் பெரும்பாலான பூச்சிகளை விலக்கிவிடும். இந்த வண்டை விலக்காது. இலை நுனிகளைத் தின்று செடியை மொட்டையாக்கும். இதுவும் தென் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். 1990-களில் இந்த நாட்டில் நிலைகொண்டது. ரோஸ்மேரிக்கும் லாவெண்டருக்கும் பின்னால் வந்து, அவை இருக்கிற இடமெல்லாம் இருக்கிறது. அதுவும் வேர் பிடித்துவிட்டது என்றுதானே சொல்ல வேண்டும்? யாரும் சொல்வதில்லை. ஊடுருவல் என்கிறார்கள், ஆக்கிரமிப்பு என்கிறார்கள். மனிதர்களைப் பற்றிப் பத்திரிகைத் தலைப்புகளில் பார்த்த அதே சொற்கள். செடியோடு எங்களை ஒப்பிட்டு மகிழ்கிறவர்கள், வண்டோடு எங்களை ஒப்பிடுகிறவனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? அந்த வண்டை நானும் கையால் பொறுக்கித்தான் போடுகிறேன். பொறுக்கும்போது எனக்குள் ஒரு கூச்சம் இருக்கிறது. அதற்கு விடை காணவில்லை. மனிதர் நாட்டுக்குள் வருவதைச் செடியையும் பூச்சியையும் வைத்து யோசிக்கத் தொடங்கினால் அது நல்ல இடத்தில் போய் முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

வேர் பிடித்தால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தையும் லாவெண்டர் வைத்திருக்க விடுவதில்லை. ஆண்டுக்கொருமுறை, பூ வாடியதும், ஓகஸ்ட் கடைசிக்குள் அதை வெட்ட வேண்டும். பூந்தண்டோடு அந்த ஆண்டுப் பச்சையிலும் கொஞ்சம் போக வேண்டும். ஆனால் அடியில் சாம்பல் நிறமாகி முற்றிப்போன கட்டைவரை கத்தரிக்கோல் இறங்கக்கூடாது. முற்றிய கட்டையிலிருந்து பெரும்பாலும் தளிர் வராது. வெட்டாமல் விட்டாலோ, ஒவ்வோர் ஆண்டும் பச்சை மேலே மேலே ஏறிப்போய், நடுவில் வெறுங்கட்டை தெரிந்து, ஒரு பலத்த மழைக்குச் செடி இரண்டாகப் பிளந்து சரியும். வெட்டும் நாளைத் தேர்வது எனக்கு எளிதாக இருந்ததே இல்லை. வாசத்துக்காக அறுப்பதென்றால் முதல் பூக்கள் விரியத் தொடங்கும்போதே அறுக்க வேண்டும். அப்போதுதான் பம்பிள்பீ என்கிற பெருந்தேனீக்கள் வரத் தொடங்கியிருக்கும். சாதாரணத் தேனீயைவிட அவற்றின் நாக்கு நீளம். லாவெண்டர்ப் பூவிலிருந்து அவை இரண்டு மடங்குக்கு மேலான வேகத்தில் தேன் எடுப்பதாக சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு அந்தப் பற்றைக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு மெல்லிய இரைச்சல் காதில் கட்டும். ஒரு தண்டில் தேனீ அமர்ந்தால் தண்டு வளைந்து அடுத்த தண்டில் முட்டும். அந்த நேரத்தில் கத்தரிக்கோலை எடுக்க மனம் வராது. எனவே பூவை அவற்றுக்கு விட்டுவிட்டு, அவை போனபிறகு வெட்டுகிறேன். வாசத்தில் பாதி அப்போது போயிருக்கும். நிலைத்து நிற்பதாக நாங்கள் காண்கிற அந்தச் செடியின் கீழே இப்படி ஆண்டாண்டாகச் செய்கிற தேர்வுகள் கிடக்கின்றன. ஓராண்டு யாராவது கைவிட்டால் அது தெரியத் தொடங்கும்.

எங்கள் கதைக்கும் இப்படி ஒரு அடித்தரை உண்டு. விம்பிள்டன் கணபதி கோயில் 1981இல் திறக்கப்பட்டது. இலங்கையில் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்ட 1983 ஜூலைக்கு இரண்டு ஆண்டுகள் முன்னர். எரிந்த வீடுகளிலிருந்து தப்பி வந்தவர்கள் தென்லண்டனில் இறங்கியபோது, போய் நிற்க ஒரு வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. அதைத் திறந்துவைத்தவர்கள் எங்களை எதிர்பார்த்துச் செய்யவில்லை. ஆனாலும் எங்கள் கால் பட்டது அவர்கள் போட்ட தரையில்தான். ஓர் அறையில் ஆறு பேருக்குப் பாய் விரிக்க இடம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். சீட்டுப் பிடித்து முதல் வீட்டுக்கு முற்பணம் சேர்க்க வைத்தவர்கள் இருந்தார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கதிரை அடுக்கியவர்கள், ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொன்ன அயலவர்கள், வகுப்பு முடிந்தபிறகும் பிள்ளையை வைத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியைகள் இருந்தார்கள். இவர்களில் பலர் இப்போது இல்லை. இருக்கிறவர்களும் தாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அதை நம்பிவிட்டு, எல்லாம் எங்கள் வைராக்கியம் என்று மேடையில் பேசுகிறோம். வைராக்கியம் இருந்தது. ஆனால் அதே வைராக்கியத்தோடு வந்து, விரிக்கப் பாய் கிடைக்காமல் போனவர்களும் இருந்தார்கள்.

ஆகவே என் வளவுக்கு வருகிறவர்களிடம் இனிமேல் தலையாட்டிவிட்டு நிற்கப்போவதில்லை. இந்தச் செடியின் அடியில் எவ்வளவு சரளை கிடக்கிறது என்பதைச் சொல்லப்போகிறேன். விரும்பினால் கிண்டியும் காட்டுவேன். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வேர் பிடித்த ஒருவரைப் புகழும் முன், அவருக்குத் தரை போட்டவர்கள் யாரென்று விசாரியுங்கள். அவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வேர் பிடிக்காத ஒருவரைப் பற்றி வாய் திறக்கும் முன், அவர் நிற்கிற இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். தேங்கி நின்றால், அதை வெட்டி வடியவிடுவது அயலில் இருக்கிற எங்கள் வேலை.